வெள்ளைப்படுதலும் அரிப்பும்: டாக்டரை உடனே பார்க்க முடியாவிட்டால்?

பிறப்புறுப்புத் தொற்று என்றால், பெரும்பாலும் அங்கே கிருமி அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்று அர்த்தம். பெண்களின் பிறப்புறுப்பில் இயல்பாகவே நல்ல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை லாக்டிக் அமிலம் சுரந்து மற்ற கிருமிகளை அடக்கி வைக்கின்றன. பயிர் அடர்ந்த வயலில் களை தலைதூக்காது, அதே மாதிரிதான். ஆன்டிபயாடிக் மாத்திரை, கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பம் ஆகியவை இந்தச் சமநிலையைக் குலைக்கலாம்.

திரிந்த தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் இருந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சை. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் கசிவு இருந்தால் பாக்டீரியா காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பைத் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும்!

டாக்டரைப் பார்க்கும்வரை தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள், வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவுங்கள், உடலுறவைத் தள்ளிப்போடுங்கள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். நேரில் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய உதவி.

காய்ச்சல், அடிவயிற்று வலி, புண், கொப்புளம், ரத்தக்கசிவு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ காத்திருக்கவே கூடாது. எவ்வளவு தூரமானாலும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆண்களுக்குச் சீழ் வடிந்தாலும், விதைப்பை வலித்தாலும் இதேதான்.

அப்புறம், அரிப்பு வந்தாலே தவறான உறவால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, உடலுறவே கொள்ளாதவர்களுக்கும் பூஞ்சைத் தொற்று வரும்.