மாநகராட்சி சேவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் வந்தால் அலைச்சல் குறையுமா?

குறையும். ஆனால் லாகின் ஒன்றாவதால் மட்டும் குறையாது. எனக்குத் தெரிந்த சென்னையை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் வயதானவர்கள் சிலருக்கு வரி, பில் எல்லாம் நான்தான் ஆன்லைனில் கட்டித் தருகிறேன். மேல்வீட்டு மாமி டைரியின் கடைசிப் பக்கத்தில் எண்களைக் குறித்து வைத்திருக்கிறார். மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் என நான்கு துண்டாக வரும் சொத்து வரி எண். அதன் கீழே மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் எண். அப்புறம் ஈபி சர்வீஸ் நம்பர். வீடு ஒன்றுதான், ஆனால் ஒரு அலுவலகத்தின் எண் இன்னொரு அலுவலகத்துக்குத் தெரியாது. இத்தனைக்கும் மெட்ரோ வாட்டர் வாங்கும் வரியே, சொத்து வரிக்காக மாநகராட்சி நிர்ணயிக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம்தான்!

ஒரே லாகின் ஆளை அடையாளம் காணும். இந்தச் சேவைகளோ வீட்டோடு ஒட்டியவை. உள்ளே நுழைந்த பிறகும் அதே மூன்று எண்ணைத் தட்டச் சொன்னால் என்ன லாபம்? லாகின் வசதிக்கும் பஞ்சமில்லை, மத்திய அரசின் ஒரே லாகின் வசதியான 'மேரி பெஹ்சான்' 2022-லேயே வந்துவிட்டது. எண்களை முகவரியோடு இணைப்பதுதான் பெரிய வேலை.

அதன் அருமை பெயர் மாற்றத்தில் தெரியும். வீட்டு உரிமையாளர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். இறப்புச் சான்றிதழ் கொடுப்பது மாநகராட்சி, வாரிசுச் சான்றிதழ் கொடுப்பது தாசில்தார். இரண்டும் அரசு கொடுத்ததுதான். ஆனாலும் துக்க வீட்டில் இருப்பவர்கள் அவற்றை ஸ்கேன் செய்து, வரிக்கு ஒரு தடவை, தண்ணீருக்கு ஒரு தடவை, மின்சாரத்துக்கு ஒரு தடவை என்று விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. எஸ்டோனியாவில் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற அமைப்பு வழியாகத் துறைகள் தகவலைத் தங்களுக்குள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அரசிடம் இருப்பதை மக்களிடம் மறுபடி கேட்கக்கூடாது என்பது அங்கே கொள்கை.

இரண்டு விஷயத்தில் மட்டும் எனக்குப் பயம் உண்டு. இப்போது எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பில் கட்டலாம். வாடகைக்கு இருப்பவர் ஈபி கட்டுகிறார், துபாயில் இருக்கும் மகன் சொத்து வரி கட்டுகிறான். லாகின் கட்டாயம் என்று இந்த வழியை அடைத்துவிடக் கூடாது. அடுத்தது ஓடிபி. பல பெரியவர்களின் கணக்கில் இருப்பது பிள்ளையின் செல்போன் எண். அந்த எண் மாறினால் இன்று ஒரு சேவைதான் முடங்கும், ஒரே லாகின் வந்த பிறகு எல்லாமே முடங்கும். பெற்றோர் சார்பில் பிள்ளைகள் செய்ய முறையான அனுமதி வசதி முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மாநகராட்சியில் யாராவது இதைப் படித்தால், வாரிசுப் பெயர் மாற்றத்திலிருந்து ஆரம்பியுங்கள். சொத்து வரியில் பெயர் மாறிய அன்றே மெட்ரோ வாட்டரிலும் ஈபியிலும் மாறட்டும். லாகின் பக்கத்தை அதற்கப்புறம் கட்டிக்கொள்ளலாம்.