எத்தனை வருஷத்தில் லாரியை மாற்றுவது?

கேள்வி: எங்களிடம் 12 லாரிகள் ஓடுகின்றன. எல்லாமே ஒரே சமயத்தில் வாங்கியவை, 8 வருஷம் ஆகிவிட்டது. விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. போன வருஷம்தான் இரண்டு வண்டிக்கு இன்ஜின் பிரித்து வேலை பார்த்தோம், அந்தப் பணம் வீணாகிவிடாதா? எத்தனை வருஷத்தில் மாற்றுவது சரி?

பதில்: இன்ஜினுக்குப் போட்ட பணத்தை முதலில் மறந்துவிடுங்கள். விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அது திரும்பி வரப்போவதில்லை. வருஷக் கணக்கையும் நான் நம்புவதில்லை. ஒரே வயதுள்ள இரண்டு வண்டியில் ஒன்று நெடுஞ்சாலையில் சீராக ஓடியிருக்கும், இன்னொன்று நெரிசலில் நின்று நின்று போய் கிளட்ச்சும் பிரேக்கும் தேய்ந்து கிடக்கும், கிலோமீட்டரைப் பார்த்தால்கூட அது தெரியாது.

இந்த வண்டியை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ள என்ன செலவாகும், அதைத்தான் பார்க்க வேண்டும். புது வண்டி விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பழையது இன்று 20க்குப் போகும், அடுத்த வருஷம் 14க்குத்தான் போகும் என்றால் அதிலேயே 6 போய்விடுகிறது. அந்த 20 முடங்கிக் கிடப்பதற்கு வட்டி 2, வொர்க்‌ஷாப் செலவு 7, கூடுதல் டீசல் 2, அப்புறம் வண்டி படுத்த நாட்களில் வெளி வண்டி பிடித்து லோடு அனுப்புவது 4. மொத்தம் 21. புது வண்டிக்கு விலை இறக்கம், வட்டி, பராமரிப்பு, இப்படிச் சராசரியாக வருஷத்துக்கு 22 ஆகும் என்றால் பழையதையே ஓட்டுங்கள். அதற்குக் கியர்பாக்ஸ் வேலை என்று இன்னும் 8 வந்தால் 29, விற்றுவிடுங்கள். அந்த வேலை மூன்று வருஷம் தாங்கும் என்றால் மட்டும் 8ஐப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் விட்டுப்போவது அந்த 4தான், ஏனென்றால் வொர்க்‌ஷாப் பில்லில் அது வராது. வண்டிக்கு ஒரு நோட்டு போட்டு, எத்தனை நாள் நின்றது, எதற்காக நின்றது என்று எழுதிவாருங்கள், ஆறு மாதத்தில் எந்த வண்டி உங்களைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வெடிப்பு, சரிசெய்தும் திரும்பத் திரும்பக் காலை வாரும் பிரேக், இதற்கெல்லாம் கணக்கே போடாதீர்கள். உள்ளே டிரைவர் இருக்கிறார், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் 12ஐயும் ஒன்றாக மாற்றாதீர்கள், மறுபடியும் எல்லாம் ஒன்றாகத்தான் கிழடாகும். நோட்டைப் பார்த்து மோசமான மூன்றை இந்த வருஷம் விற்றுவிடுங்கள், அதுவும் புது டயர் போடுவதற்கு முன்பே.