நீல லைட்டுக்குக் கீழே குழந்தை: கேள்வி பதில்

பச்சிளம் குழந்தைகள் வார்டில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். காமாலை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று நாள் குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள். மருந்தே இல்லாமல் வெளிச்சத்தில் எப்படிக் காமாலை இறங்கும்?

சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின்தான் அந்த மஞ்சள். அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் பக்குவப்படுத்திக் கொடுத்தால்தான் வெளியேறும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் கைவந்திருக்காது. 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி தோலில் பட்டால் பிலிருபின் மூலக்கூறின் வடிவம் மாறிவிடும். மாறியது கல்லீரல் பக்குவப்படுத்தும்வரை காத்திராமல் பித்தத்தோடும் சிறுநீரோடும் போய்விடும்.

இதை முதலில் கவனித்தது ஒரு நர்ஸ் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற சிஸ்டர் குழந்தைகளை வெயில் படும்படி வெளியே கொண்டுபோவார். ஒருநாள் டாக்டரிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, துணியின் ஓரம் மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. இதிலிருந்து தொடங்கிய ஆய்வு 1958இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

கேள்வி: அப்படியென்றால் வீட்டிலேயே காலை வெயிலில் காட்டினால் போதாதா? மாமியார் அதைத்தான் சொல்கிறார்.

போதாது. எவ்வளவு ஒளி படுகிறது என்று தெரியாது, புற ஊதாக் கதிரும் சேர்ந்து வரும், குழந்தைக்குச் சூடும் ஏறும். லைட் வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு வெயிலை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: கண்ணைக் கட்டியிருப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பால் கொடுக்க வெளியே எடுக்கலாமா?

அளவு ரொம்ப அதிகமாக இல்லாவிட்டால் எடுக்கலாம். அப்போது கட்டையும் கழற்றிவிடுங்கள், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் போக வேண்டும். பிலிருபின் வெளியேற மலம் போவது முக்கியம். அதற்குப் பால்தான் வழி. திரும்பப் படுக்க வைக்கும்போது கட்டு நழுவி மூக்கை அடைக்கிறதா என்று பாருங்கள். நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு அதுதான். குளிருமே என்று துணி போர்த்தினால், அந்த முக்கோணம் கதைதான்.

கேள்வி: மலம் பச்சையாக, தண்ணியாகப் போகிறது.

லைட்டில் இருக்கும்போது அப்படிப் போவது சகஜம். ஆனால் சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: உடம்பு வெளுத்துவிட்டது. இன்னும் ஏன் நிறுத்தவில்லை?

ஒளி பட்ட தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும். நிறுத்திய பிறகும் சில குழந்தைகளுக்கு மறுபடி ஏறும். திரும்ப வரச் சொன்னால் தட்டாமல் போங்கள்.

கேள்வி: எப்போது பயப்பட வேண்டும்?

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, கீச்சென்று அழுவது, முதுகை வில்லாக வளைப்பது எல்லாம் பிலிருபின் மூளையைத் தொட்டிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். இரவானாலும் ஓடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலமும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது என்றால் அது வேறு சங்கதி, பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அழுக்கான டயப்பரை அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.