தொடக்கப் பள்ளி மாணவர்களை வெளிநாட்டு வகுப்பொன்றுடன் பழக வைப்பதால் பயன் உண்டா? எப்படித் தொடங்குவது?

உண்டு. ஒரு கல்வியாண்டு முழுவதும் அதைச் செய்து பார்த்தவள் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த ஓர் ஊரின் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 2023 ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து எங்கள் வகுப்பின் இருபத்தாறு குழந்தைகளும், டோக்கியோவை அடுத்துள்ள சைத்தாமா மாநிலத்தின் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்புடன் கடிதம் எழுதிப் பழகினார்கள். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அங்கே குடும்பத்துடன் வசிக்கிறார். அவருடைய மகள் படிக்கும் வகுப்பு அது.

அதற்கு முந்தைய ஆண்டு, வேறொரு நாட்டுப் பள்ளியுடன் காணொளி அழைப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். இரு பக்கமும் குழந்தைகள் கையசைத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் அதைப் பற்றி வகுப்பில் ஒரு குழந்தையும் பேசவில்லை. பத்து வயதுக் குழந்தைக்குத் தன்னைப் பற்றி யோசித்துச் சொல்லவும், எதிரில் இருப்பவரைப் பற்றிக் கேட்கவும் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கடிதம் தருகிறது. ஆகவே முதலில் அஞ்சல், நன்றாகப் பழகிய பிறகு காணொளி என்ற வரிசையையே உங்களுக்கும் உறுதியாகச் சொல்வேன்.

மொழியைக் கண்டு தயங்க வேண்டாம். எங்கள் குழந்தைகள் தமிழில் எழுதிப் படமும் வரைந்தார்கள். அவர்கள் ஜப்பானிய மொழியில் எழுதினார்கள். இரண்டையும் பழைய மாணவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். முதல் கடிதத்தில் நாங்கள் கேட்டது பெயர்களை மட்டுமே. ஜப்பானிய எழுத்தில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லாததால் மாலா என்ற பெயர் மாரா என்று ஆகிவிடுகிறது, முருகன் என்ற பெயரோ சிறிதும் மாறாமல் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்த குழந்தைகள், வகுப்பில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அந்த எழுத்துகளில் எழுதிப் பார்க்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். லகர ரகரங்களை அவ்வளவு கூர்ந்து அவர்கள் உச்சரித்து நான் கேட்டதில்லை.

அந்த ஆகஸ்டில்தான் எங்கள் பள்ளிக்குக் காலை உணவுத் திட்டம் வந்தது. என்றைக்குப் பொங்கல், என்றைக்கு உப்புமா என்று பட்டியலிட்டு எழுதியபோது, தாங்கள் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, வகுப்பறையிலேயே முறை வைத்துப் பரிமாறி, ஆசிரியருடன் அமர்ந்து உண்பதாகப் பதில் வந்தது. ஜப்பானில் 1889ஆம் ஆண்டு த்சுருஓக்கா நகரில், ஏழைப் பிள்ளைகளுக்காகக் கோயிலில் நடந்த பள்ளியொன்றில் உணவளிக்கத் தொடங்கியதையும், சென்னையில் 1920ஆம் ஆண்டு மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதையும் நான் சேர்த்துச் சொன்னேன். ஆனால் குழந்தைகளின் மனத்தில் நின்றது ஆசிரியரும் உடன் உண்கிறார் என்ற செய்திதான். மறுநாள் முதல் நானும் அவர்களுடன் தரையில் அமர்ந்து சாப்பிடுகிறேன்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு முழுவதும் கோடை விடுமுறை; இரு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துத் திட்டமிடாவிட்டால் கடிதங்கள் பூட்டிய பள்ளிக்குப் போய்ச் சேரும். இங்கே காலை 10 மணி என்றால் அங்கே பிற்பகல் 1.30. பல்லாங்குழி ஆடப் புளியங்கொட்டை அனுப்ப வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். தாவர நலச் சான்று இல்லாமல் விதைகளை அங்கே அனுப்ப முடியாது என்பதால், ஆட்ட விதிகளை மட்டும் எழுதி அனுப்பினோம், அவர்கள் கூழாங்கற்களை வைத்து ஆடினார்கள். பள்ளி முகவரியைத் தவிர எந்தக் குழந்தையின் வீட்டு முகவரியும் போகக்கூடாது; பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். வெளிநாட்டில் தெரிந்தவர்கள் இல்லை என்றால், 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்துத் தொடங்கிய, பல நாட்டுப் பள்ளிகளை இணைக்கும் ஐயர்ன் (iEARN) அமைப்பின் வழியாக வகுப்புகளைத் தேடலாம்.

பயன் என்ன என்பதை நான் உணர்ந்தது டிசம்பரில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாகி, மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது. மின்சாரம் திரும்பி என் கைப்பேசி உயிர்பெற்றபோது அதில் ஒரு படம் வந்திருந்தது: சைத்தாமா வகுப்பினர் ஒரு பெரிய தாளில், உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, புத்தகங்கள் நனைந்துவிட்டனவா என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் ஏழு பிள்ளைகளின் வீடுகளில் தண்ணீர் புகுந்திருந்தது. அவர்களில் ஒரு சிறுமி, தனக்கு வந்த கடிதங்களை எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மூடிப் பரண்மேல் வைத்துக் காப்பாற்றியிருந்தாள். பாடப் புத்தகங்கள் போய்விட்டன. அடுத்து 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் வாசலிலேயே என்னை நிறுத்தி, "டீச்சர், நம்ம பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்கள். நோட்டோவுக்கும் சைத்தாமாவுக்கும் உள்ள தொலைவை வரைபடத்தில் அளந்து காட்டிய பிறகே உள்ளே வந்தார்கள்.

அக்டோபரில் நாங்கள் அனுப்பிய கொலுப் படங்களுக்குப் பதிலாக, மார்ச் 3 அன்று அவர்கள் கொண்டாடும் பொம்மைத் திருநாளின் படங்கள் வந்தன. அங்கும் சிவப்புத் துணி விரித்த படிகளில்தான் பொம்மைகளை அடுக்குகிறார்கள். அத்துடன் அந்த ஆசிரியை ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 1927ஆம் ஆண்டு அதே திருநாளையொட்டி அமெரிக்கக் குழந்தைகள் 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், ஜப்பானியர் 58 பெரிய பொம்மைகளைப் பதிலுக்கு அனுப்பினார்கள். பின்னர் போர் வந்தபோது எதிரி நாட்டுப் பொம்மைகள் என்று பலவற்றை எரித்துவிட்டார்கள், ஆனால் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் அவற்றை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள், 300க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன என்பது அந்தக் குறிப்பு. நான் வகுப்பில் அதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். பொம்மையை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்பதுதான் அந்த ஆண்டின் கடைசிக் கடிதத்தில் எங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் அந்தச் சிறுமி ஒரு தூக்குவாளி வரைந்திருந்தாள்.