தேய்ந்த பிரேக்கை மாற்றும்போது எதை மேம்படுத்த வேண்டும்? கேள்வி பதில்

அதிகத் திறன் கொண்ட கார்களின் பிரேக்கைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தேன். குமரி மாவட்டத்தின் கடற்கரையிலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் வந்தவற்றில், ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே விடை எழுதியுள்ளேன். சக்கரத்தோடு சுழலும் வட்டு டிஸ்க்; அதை இருபுறமும் அழுத்தி உரசுவது பேட்; பேடை அழுத்தும் பிஸ்டனைத் தாங்கும் கவ்வி காலிப்பர்.

கேள்வி (நாகர்கோவில்): ஐயா, என்னிடம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. முன்பக்க பேடும் டிஸ்கும் தேய்ந்துவிட்டதாக மெக்கானிக் சொல்கிறார். எப்படியும் செலவு செய்யப் போகிறோம். ஆறு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்கும் உள்ள முழு செட்டையே போட்டுவிடலாமா?

பதில்: முதலில், தேய்ந்துவிட்டது என்பதை அளந்து பார்த்துத்தான் ஏற்க வேண்டும். டிஸ்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பின்மேல் வெர்னியரை வைத்து அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும். ஆகவே மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி, பேட் உரசும் இடத்தில் குறைந்தது நான்கு புள்ளிகளில் அளக்கச் சொல்லுங்கள். பேடில் உரசும் பொருள் 3 மி.மீ. அளவுக்கு இறங்கிவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

இனி பெரிய செட்டைப் பற்றி. காரை நிறுத்துவது இறுதியில் டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம்தான். இப்போதுள்ள பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்குகிறது என்றால், டயர் தாங்கக்கூடிய அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஆறு பிஸ்டன் வைத்தாலும் ஒரே ஒரு முறை நிறுத்தும்போது தூரம் குறையாது. பெரிய டிஸ்க் தரும் உண்மையான ஆதாயம் வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. வேகம் 140 ஆனால் அதுவே ஏறத்தாழ இருமடங்காகிவிடும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ சுற்றுக்குச் சுற்று இப்படி மிதிப்பவருக்குப் பெரிய டிஸ்க் தேவைப்படும். வடசேரிக்கும் பார்வதிபுரத்துக்கும் இடையே போய்வருபவருக்கு அது சக்கரத்தின் வழியே தெரியும் அழகு மட்டுமே.

மேலும், காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் பெடலால் இயங்கும் மாஸ்டர் சிலிண்டர் காலிப்பருக்கு அதிக பிரேக் ஆயிலைத் தள்ள வேண்டியிருக்கும். அதனால் பெடல் கீழே இறங்கும். முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினால் முன்பின் சமநிலையும் மாறும். என் பரிந்துரை: நிறுவனத் தரத்திலான புதிய டிஸ்க், ஒரு படி மேலான பேட், புதிய ஆயில், நல்ல டயர். மீதிப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தக்கலை): பொன்முடியிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விட்டது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு சரியாகிவிட்டது. பேட் தேய்ந்திருந்தது உண்மைதான். பேடை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. இறக்கத்தில் பிரேக் குறைவது இரண்டு வகையாக நடக்கும்; உங்கள் காலே அவற்றைப் பிரித்துச் சொல்லிவிடும். பெடல் கல்போல உறுதியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி உரசும் தன்மையை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல இறங்கினால் ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழிகள் உருவாகியிருக்கின்றன. உங்களுடையது இரண்டாவது வகை. பேட் தேய்ந்திருந்தது இதற்குத் துணைபோயிருக்கும். ஏனென்றால், பேட் மெலியும்போது டிஸ்கின் வெப்பம் பிஸ்டனையும் ஆயிலையும் எளிதில் எட்டிவிடுகிறது.

டாட் 4 வகை ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. டாட் 5.1 வகைக்கு இந்த எண்கள் முறையே 260, 180. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் காணும் நம் மாவட்டத்தில் காற்று உலர்ந்திருக்கும் மாதங்கள் குறைவு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது பொதுவான வழக்கம் என்றாலும், மலைக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, ஜனவரியில் மாற்றிவிடுமாறு சொல்வேன். டாட் 5 என்று எண் மட்டும் போட்டு விற்கப்படுவது சிலிக்கான் வகை. அது உங்கள் காருக்கு ஆகாது, இருப்பதோடு கலக்கவும் கூடாது.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை நிறுத்துவதற்குச் சமம். அதில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்க வேண்டும். பொன்முடிப் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆட்டோமேட்டிக் கியரை டி-யிலேயே விட்டுவிட்டு இறங்கினால் அத்தனைக்கும் பிரேக்தான் பொறுப்பேற்கும். மேனுவல் முறைக்கு மாற்றி, இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

கேள்வி (குளச்சல்): வீடு கடற்கரையை ஒட்டியது. ஒரே சக்கரத்தில் உள்பக்க பேட் முழுவதும் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்க பேட் பாதிகூடத் தேயவில்லை. பேடின் தரம் சரியில்லையா?

பதில்: பேடின்மேல் பழி சொல்ல வேண்டாம். உங்கள் காரில் இருப்பது நகரும் வகைக் காலிப்பராக இருக்கும். பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும் இருக்கும். அது உள் பேடை அழுத்திய பிறகு, காலிப்பர் முழுவதும் இரண்டு கைடு பின்களின்மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துக்கொள்ள வேண்டும். பின் இறுகிவிட்டால் அந்த நகர்வு நடக்காது. உள் பேட் மட்டும் உரசிக்கொண்டே இருக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கார்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் உறையில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தால் போதும்; உப்புக் காற்று உள்ளே புகுந்துவிடும். அப்படிப்பட்ட பின்னை உருவி எடுத்தால், பாதி தூரம் பளபளப்பாகவும் மீதி தூரம் செம்பழுப்புத் துருவும் காய்ந்த கிரீஸும் பற்றியும் இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மீண்டும் மாட்டுவது வீண் சிக்கனம். பின்னையும் உறையையும் புதிதாகப் போட்டு, அதற்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

இந்த நிலையில் விலை உயர்ந்த பேடை வாங்கிப் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் ஆளாகும். டிஸ்கின்மேல் இரவோடிரவாகப் படியும் துருவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது மேற்பூச்சுதான், சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்து, பள்ளம் விழுந்த துரு வேறு. அந்த டிஸ்கை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி (மார்த்தாண்டம்): துளையிட்ட டிஸ்க் நல்லதா, கோடு போட்ட டிஸ்க் நல்லதா?

பதில்: சாலைக்குச் சாதாரண டிஸ்கே போதும். மலிவான டிஸ்கில் பின்னர் துளையிட்டு விற்பவற்றை வாங்கவே வேண்டாம். கடும் வெப்பத்தில் துளையின் ஓரத்திலிருந்து வெடிப்பு கிளம்பும். கட்டாயம் வேண்டுமென்றால் கோடு போட்டதை எடுங்கள்.

கேள்வி (கன்னியாகுமரி): காவல்கிணறு நான்குவழிச் சாலையில் வேகமாகப் போய் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் போட்டு எடுக்கலாம் என்கிறார்கள்.

பதில்: டிஸ்க் உண்மையிலேயே வளைவது அரிது. பெரும்பாலும் நடப்பது, பேடின் பொருள் டிஸ்கின்மேல் திட்டுத்திட்டாக ஒட்டுவதோ, டிஸ்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதோதான். 0.02 மி.மீ. வேறுபாடுகூடக் கைக்குத் தெரிந்துவிடும். கடும் வேகத்திலிருந்து நிறுத்திய கையோடு, சூடான டிஸ்கைப் பிடித்தபடியே பெடலில் காலை வைத்து நிற்பது இதற்கு ஒரு காரணம். இன்னொன்று, பழைய டிஸ்கைக் கழற்றிய பிறகு ஹப்பின் (டிஸ்க் பொருந்தும் சக்கர மையத்தின்) முகத்திலுள்ள துருவைச் சுத்தம் செய்யாமல் புதியதை மாட்டுவது. அந்தத் துருத் துணுக்கு டிஸ்கைச் சற்றே சாய்த்துவிடும். மாட்டிய பிறகு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ. அளவுக்குள் இருந்தால் பல கார்களுக்குச் சரி. லேத்தில் கடைந்தால் தடிமன் குறையும், வெப்பம் தாங்கும் திறனும் அதோடு குறையும். வேகமான காருக்கு நான் அதை ஏற்பதில்லை.

கேள்வி (குலசேகரம்): பந்தயத்துக்கான பேடைச் சாலையில் பயன்படுத்தலாமா? பேடின் பின்புறத்தில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகள் எதைக் குறிக்கின்றன?

பதில்: பயன்படுத்த வேண்டாம். பந்தய பேட் நன்கு சூடான பிறகுதான் பிடிக்கும். பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தின் நடுவே மழையில் ஓட்டும்போது, முதல் மிதியிலேயே பிடிக்கும் பேட்தான் உங்களுக்கு வேண்டும். நீங்கள் கேட்ட எழுத்துகளில் முதலாவது சாதாரண வெப்பத்திலும் இரண்டாவது கூடிய வெப்பத்திலும் உராய்வு எவ்வளவு என்பதைக் காட்டுகின்றன. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப்எஃப்’ என்று இருந்தால் சூட்டிலும் பிடி இறங்கவில்லை என்று கொள்ளலாம். ஆனால் தேய்மானம், தூசி, சத்தம் பற்றி அந்த எழுத்துகள் எதுவும் சொல்லமாட்டா.

கேள்வி (கருங்கல், ஒரு வாசகி): என் மகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டுகிறான். பின்சக்கர ட்ரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். செய்யலாமா?

பதில்: தடுத்துவிடுங்கள், அம்மா. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்னால் பிடி கூடிப்போனால் கார் சுழலும் அபாயம் உண்டு. ஏபிஎஸ் கட்டுப்பாடும் ட்ரம்முக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. ஹேண்ட்பிரேக் கேபிளையும் மாற்றியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்ட இடமுண்டு. மகனுக்கு ஏதாவது மேம்படுத்தியே ஆக வேண்டும் என்றால், முன்பக்கத்துக்கு நல்ல பேடும், பழைய ரப்பர் குழாய்களுக்குப் பதிலாகப் புதியவையும் போட்டுக் கொடுங்கள். பெடலின் உறுதியிலேயே வேறுபாட்டை உணர்வார்.

கேள்வி (தோவாளை): புதிய பேடும் டிஸ்கும் மாட்டியாயிற்று. உடனே வேகமாக ஓட்டலாமா?

பதில்: கூடாது. புதிய தோசைக்கல்லைப் பழக்குவதைப்போல இதையும் பழக்க வேண்டும். பேடின் பொருள் மெல்லிய, சீரான படலமாக டிஸ்கின்மேல் படிந்த பிறகே பிடிப்பு முழுமையடையும். பேட் தயாரித்த நிறுவனம் முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், விடியற்காலையில் பின்னால் வண்டி வராத சாலையாகப் பார்த்து, 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு மிதமான அழுத்தத்துடன் எட்டுப் பத்து முறை குறையுங்கள். இடையிடையே சற்று ஓடவிடுங்கள். ஒருமுறைகூட முழுவதும் நிறுத்த வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவையுங்கள். நிறுத்திய உடன் ஹேண்ட்பிரேக்கையும் போட வேண்டாம். வீடு திரும்பிச் சக்கரம் ஆறிய பிறகு, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.