சிவப்புத் திராட்சையின் நிறம்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: சார், சிவப்புத் திராட்சைக்குச் சாயம் ஏற்றுகிறார்களோ என்று சந்தேகம். வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: இயற்கை நிறம் தோலின் செல்களுக்குள் இருக்கிறது. பழத்தைக் கழுவினால் தண்ணீரில் இறங்காது, இறங்கினால் சந்தேகப்படலாம். தோலை மட்டும் உரித்துக் கசக்கி வெந்நீரில் போடுங்கள். சாற்றை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், மற்றதில் ஆப்ப சோடா போடுங்கள். முதலாவது பளிச்சென்று சிவக்கும். இரண்டாவது நீலமோ பச்சையோ கலந்து மங்கும். அப்படியானால் அது ஆந்தோசயனின், அதாவது பழங்களுக்குச் சிவப்பு, ஊதா நிறம் தரும் இயற்கை நிறமிக் குடும்பம். எந்த ஆந்தோசயனின் என்று கிண்ணம் சொல்லாது.

கேள்வி: மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி?

பதில்: பெரும்பாலும் பழத்தின் சொந்த மெழுகுதான். இருந்தாலும் கழுவிவிட்டே சாப்பிடுங்கள்.

கேள்வி: நான் முதுகலை வேதியியல் மாணவி. ரெட் குளோப் என்ற சிவப்புத் திராட்சை ரகத்தின் தோலில் இருக்கும் நிறமிகளை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: சிறிது அமிலம் சேர்த்த மெத்தனாலில் தோலை ஊறவைத்து வடிகட்டுங்கள். கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் பிரித்து, ஆந்தோசயனின்கள் ஒளியை நன்கு உறிஞ்சும் 520 நானோமீட்டர் அலைநீளத்தில் கவனியுங்கள். அப்புறம் நிறைமாலை, அதாவது மூலக்கூறுகளை அயனிகளாக்கி அவற்றின் நிறையை அளப்பது. ரெட் குளோப்பில் முன்னிற்பது பியோனிடின் குளுக்கோசைடு, அதாவது குளுக்கோஸ் இணைந்த ஓர் ஆந்தோசயனின். அதன் அயனி 463-இல் தெரியும். உடைத்தால் குளுக்கோஸ் பங்கான 162 போய் 301 மிஞ்சும். இதே குளுக்கோசைடு வடிவில் சயனிடினுக்கு 449, 287; மால்விடினுக்கு 493, 331.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டெல்பினிடின் குளுக்கோசைடு 465-இல் வந்து 303 ஆக உடையும். நேர்மின் அயனிகளை அளக்கும் முறையில் குவெர்செடின் குளுக்கோசைடும் அச்சு அசலாக அதே இரண்டு எண்களைத் தரும்! அது சிவப்பு நிறமியே அல்ல. 520-இல் உச்சி எழுகிறதா என்று பாருங்கள். எழவில்லை என்றால் அது டெல்பினிடின் இல்லை. நிறை எண்ணை மட்டும் நம்பி அட்டவணை போடாதீர்கள்.

கேள்வி: கறுப்புத் திராட்சையில் வேறு நிறமியா?

பதில்: குடும்பம் ஒன்றுதான், விகிதம் வேறு. ரெட் குளோப், கிரிம்சன் போன்றவற்றில் பியோனிடின், சயனிடின் ஓங்கியிருக்கும். பல கறுப்பு ரகங்களில் மால்விடின் ஓங்கும், மொத்த அளவும் கூடுதல்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பழம் நன்றாக இனிக்கிறது, நிறம்தான் ஏறவில்லை. ஏன் சார்?

பதில்: பழுக்கும் பருவத்தில் இரவும் புழுக்கமாக இருந்ததா? வெப்பம் கூடினால் சர்க்கரை சேர்ந்தாலும் நிறமி உருவாவது குறையும், உருவானதும் சிதையும். கொடியில் குலைகள் அதிகமாக இருந்தாலும் இதே கதைதான். அடுத்த முறை குலைகளைச் சீக்கிரமே குறைத்துப் பாருங்கள்.