கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுற வேலைக்கு பொண்ணை அனுப்பலாமா?

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில் ரெண்டாவது வருஷம், கோர்ட் கேஸ்ல வர்றவங்களைப் பாத்து ரிப்போர்ட் எழுதுற வேலைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, கொலைகாரன்கூடல்லாம் உக்காந்து பேசணுமே, அதுல பொழப்பு ஓடுமா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்றதுன்னு வரிசையா கேட்டிருக்கீங்க. மாப்பிள்ளை வீட்டை அப்புறம் பாத்துக்கலாம், மத்ததுக்கு வர்றேன்.

விசாரணைக் கைதியை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வந்தா எஸ்கார்ட் போலீஸும் கூடவே வரும், அதுல பெருசா பயப்பட ஒண்ணுமில்ல. வருமானம்னு பாத்தா, ஃபோரன்சிக் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டி முதல் நாள்லேர்ந்து சம்பாதிக்கிற அளவுக்கு நம்ம ஊர்ல வேலை கிடையாது, இத சொல்லாம விட்டா நான் உங்கள ஏமாத்துறேன்னு அர்த்தம். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரி இல்ல மெடிக்கல் காலேஜ் சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட்ல சேரட்டும், கீழ்ப்பாக்கம் ஐஎம்ஹெச், பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி பெரிய மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் கோர்ட்லேர்ந்து ஆள் வரும். கிரிமினல் கேஸ் எப்படி நடத்தணும்னு சொல்ற பிஎன்எஸ்எஸ் சட்டம் 367-வது பிரிவுலயே சைக்கியாட்ரிஸ்ட் பக்கத்துல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னும் பேர் இருக்கு, அதனால இவ யாருக்கோ டெஸ்ட் மட்டும் போட்டுக் குடுக்குற ஆள் இல்ல.

இனிமே சொல்றது பொண்ணுக்கு, அவகிட்ட இத அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடுங்க.

பாப்பா, வார்டுல நீ எழுதுற கேஸ் ஷீட்ட நாலு பக்கம் நீட்டி சீல் குத்துனா அது கோர்ட் ரிப்போர்ட் ஆயிடாது. ஆஸ்பத்திரில எல்லாரும் கேக்குறது என்ன வியாதின்னு. கோர்ட் அத கேக்கல, கோர்ட் கேக்குறது வேற, அதுவும் கேஸுக்கு கேஸ் மாறும். ஒரே ஆளு, ஒரே ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவுன்னு வெச்சுக்கோ. இப்ப விசாரணைய எதிர்கொண்டு தன் தரப்ப சொல்ல முடியுமான்னு கேட்டா நீ பாக்க வேண்டியது இன்னைக்கு அவர் நிலைமைய. எது குற்றம்னு சொல்ற பிஎன்எஸ் சட்டம் 22-வது பிரிவு, அதாவது பழைய ஐபிசி 84 சம்பந்தமா கேட்டா, அந்தச் செயல் நடந்த நேரத்துல அது என்னன்னோ தப்புன்னோ தெரியாத நிலையில இருந்தாரான்னு பாக்கணும், அது ரெண்டு வருஷம் முன்னாடி நடந்ததா இருக்கும், நீ இன்னைக்கு எடுக்குற டெஸ்ட் ஸ்கோர் அதுக்கு தனியா பதில் சொல்லாது, அப்ப பாத்த ஓபி சீட்டு, எஃப்ஐஆர், பக்கத்து வீட்டுக்காரங்க வாக்குமூலம் எல்லாம் வாங்கிப் படிக்கணும். விவாகரத்து கேஸ்னா 1988-லயே சுப்ரீம் கோர்ட் ராம் நாராயண் குப்தா தீர்ப்புல சொல்லிடுச்சு, ஸ்கிசோஃப்ரினியாங்கிற பேர் மட்டும் போதாது, அது எந்த அளவுக்கு இருக்குங்கிறதுதான் முக்கியம்னு. அதனால கோர்ட்லேர்ந்து வர்ற ரெஃபரல் லெட்டர்ல கேள்வி தெளிவா இல்லன்னா எழுதிக் கேட்டு வாங்கு, நீயா ஒரு கேள்விய நெனச்சுக்கிட்டு பதில் எழுதாத.

இப்ப எழுத்துக்கு வர்றேன். "நோயாளிக்கு மனச்சிதைவு உள்ளது, ஆகவே விசாரணைக்குத் தகுதியற்றவர்"னு எழுதுனா அந்த "ஆகவே"லதான் வக்கீல் கைய வெப்பார், ஏன்னா நடுவுல ஒண்ணுமே இல்ல. அதுக்குப் பதிலா இப்படி எழுதிப் பாரு: "தன்மேல் என்ன வழக்கு என்று கேட்டபோது 'எங்க அண்ணன வெட்டுனேன்னு சொல்றாங்க' என்றார். வக்கீலிடம் பேசினீர்களா என்றதற்கு 'ஜட்ஜ் ராத்திரியில என் காதுக்குள்ள பேசுறார், எல்லாம் அவருக்கே தெரியும், வக்கீல் எதுக்கு' என்றார். வேறு விதமாகத் திரும்பக் கேட்டபோதும் இதையே சொன்னார்." இதப் படிக்கிற ஜட்ஜுக்கு சைக்காலஜி தெரிய வேண்டியதில்ல, குற்றச்சாட்டு இவருக்குப் புரியுது, ஆனா நோய் வக்கீல்கூட பேச விடலங்கிறது தானா தெரிஞ்சுடும். அவர் சொன்னது, நீ பாத்தது, வீட்டுக்காரங்க சொன்னது, ரெக்கார்ட்ல இருக்குறது, இதுலேர்ந்து நீ நெனக்கிறது எல்லாத்தையும் ஒண்ணா கலக்காத, தனித்தனியா வை.

குறுக்கு விசாரணையில என்ன கேப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே எழுது. எத்தனை தடவ, எவ்வளவு நேரம் பாத்தீங்க, தகவல் சொன்னது அவரோட அம்மா மட்டும்தானே, இவர் நடிக்கலன்னு எப்படி சொல்றீங்க, இந்த டெஸ்ட்டுக்கு ஒப்பிட்டுப் பாக்குற சராசரி ஸ்கோர், அதாவது நார்ம்ஸ், நம்ம ஊர் ஆளுங்கள வெச்சு எடுத்ததா... இதுக்கெல்லாம் பதில் ரிப்போர்ட்டுக்குள்ளயே இருந்துட்டா கூண்டுல நிக்கும்போது வேர்க்காது. பழைய மெடிக்கல் ரெக்கார்ட் கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எழுதிடு, அது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

சிறுவர் நீதிக் குழுமம், அதாவது ஜேஜேபி கேஸ்ல இன்னும் கவனம் வேணும். 16 வயசு முடிஞ்ச பையன் மேல கொடுங்குற்றம்னு கேஸ் வந்தா 2015 சிறார் நீதிச் சட்டம் 15-வது பிரிவுல முதல்கட்ட மதிப்பீடு பண்ணணும், அத வெச்சுத்தான் அவன பெரியவனா நடத்தி விசாரிக்கலாமான்னு முடிவாகும். குழுமத்துல குழந்தை உளவியல் படிச்சவங்க யாரும் இல்லன்னா நிபுணர் உதவி கட்டாயம்னு 2022-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதால இந்த வேலை உனக்கு நிறைய வரும். ஆனா இது விசாரணை இல்லன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அவன் செஞ்சானா இல்லையான்னு நோண்டுறது உன் வேலையே இல்ல, "குற்றத்தை ஒப்புக்கொண்டான்"னு ஒரு வரி எழுதிட்டீன்னா அந்தப் பையன் வாழ்க்கைய நீயே எழுதிட்ட மாதிரி. ஸ்கூலுக்குப் போனானா, குடி, அடி, யாரோட சகவாசம், சொன்னா புரிஞ்சுக்கிற சக்தி, செஞ்சா என்ன ஆகும்னு யோசிக்கிற பக்குவம், இதெல்லாம்தான் எழுதணும். மரண தண்டனை கேஸ்லயும் சுப்ரீம் கோர்ட்டோட மனோஜ் தீர்ப்புக்கு அப்புறம் (அதுவும் 2022தான்) சைக்காலஜி ரிப்போர்ட் கேக்குறாங்க, அது பெரிய வேலை, சீனியர் இல்லாம தொடாத.

இன்னொண்ணு, ஜெயில் கேஸ விட பிரைவேட் கிளினிக்லதான் புதுசா வேலைக்கு வந்த சைக்காலஜிஸ்ட்டுங்க மாட்டிக்கிறாங்க. குழந்தைய கூட்டிட்டு அம்மா நாலு செஷன் வருவாங்க, அஞ்சாவது செஷன்ல "அவங்க அப்பா மனநிலை சரியில்லன்னு ஒரு லெட்டர் குடுங்க மேடம், ஃபேமிலி கோர்ட்ல குடுக்கணும்"பாங்க. அழுவாங்க, நமக்கும் மனசு கேக்காது. நீ பாக்காத ஆளப் பத்தி ஒரு வரிகூட எழுதக் கூடாது, உன்கிட்ட ட்ரீட்மென்ட் எடுக்குற குடும்பத்துல குழந்தை கஸ்டடி யாருக்குக் குடுக்கணும்னும் நீ சொல்லக் கூடாது, எத்தனை செஷன் வந்தாங்க, குழந்தை எப்படி இருந்துச்சு, அதோட நிறுத்திக்கோ. கோர்ட் அனுப்பி வர்றவங்ககிட்ட பேச்சை ஆரம்பிக்கும்போதே சொல்லிடு, இது ட்ரீட்மென்ட் இல்ல, நீங்க சொல்றது ரிப்போர்ட்ல போகும்னு. சொன்னதையும் ரிப்போர்ட்ல எழுது.

படிப்புக்கு மேல படிப்பு சேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. செஷன்ஸ் கோர்ட் பொதுவா எல்லாரும் போய் உக்காரலாம், டாக்டர் சாட்சி சொல்ற நாளா பாத்து போய் பின்னாடி உக்காரு, எந்த வரிய புடிச்சு இழுக்குறாங்கன்னு நோட் பண்ணு. அப்புறம் பைத்தியம்னு வாதாடுன கொலை கேஸ் தீர்ப்பு ஏதாவது ஒண்ண இந்தியன் கானூன் வெப்சைட்ல எடுத்துப் படிச்சு, அந்த ஆளு உன்கிட்ட வந்திருந்தா என்ன எழுதியிருப்பன்னு ரெண்டே பக்கத்துல எழுதி எனக்கு அனுப்பு. சிவப்பு பேனா ரெடியா வெச்சிருக்கேன்.

அக்கா, மாப்பிள்ளை வீட்டுல கேட்டா கவர்மென்ட் ஆஸ்பத்திரில சைக்காலஜிஸ்ட்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல.